பாலும் தராது, உழவுக்கும் போகாது: ஒரு ஜல்லிக்கட்டுக் காளையின் வரவு செலவு

தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: "மதுரைப் பக்கம் பெண் கொடுத்திருக்கிறோம். மாப்பிள்ளை குணமானவர், தனியார் நிறுவனத்தில் வேலை. குடி, சீட்டு எதுவும் கிடையாது. ஆனால் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு ஜல்லிக்கட்டுக் காளைக்கே போய்விடுகிறது என்று மகள் வருத்தப்படுகிறாள். ஒரு மாட்டுக்கு உண்மையிலேயே இவ்வளவு செலவாகுமா? வருடத்தில் சில நிமிடங்கள் ஓடுவதற்காகவா இத்தனையும்? இது வெறும் பகட்டு இல்லையா?"

செலவாகும். மாப்பிள்ளை கணக்கை ஊதிப் பெருக்கியிருப்பார் என்ற சந்தேகம் இருந்தால் விட்டுவிடுங்கள். எனக்குத் தெரிந்தவரை மாட்டுக்காரர்கள் வீட்டில் குறைத்துத்தான் சொல்வார்கள். கால்நடை ஆய்வாளராக இந்தப் பகுதிக் கிராமங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எங்கள் பெரியப்பா வீட்டுத் தொழுவத்தில் காளை இல்லாத காலத்தை நான் பார்த்ததில்லை. அதனால் இரண்டு பக்கத்திலிருந்தும் பேச முடியும் என்று நினைக்கிறேன்.

முதலில் தீனி. வளர்ந்த காளை ஒன்றுக்கு ஒரு நாளைக்குப் பருத்திக்கொட்டை ஒரு கிலோ, தவிடு இரண்டு கிலோ, கடலை அல்லது தேங்காய்ப் புண்ணாக்கு ஒரு கிலோ, உளுந்தம்பொட்டோ துவரம்பொட்டோ ஒரு கிலோ. இவை போக வைக்கோல், சோளத்தட்டை, கிடைத்தால் பசும்புல். எங்கள் பக்கக் கடை விலையில் இது 250 ரூபாயைத் தொட்டுவிடும். சொந்த நிலத்தில் தட்டையும் வைக்கோலும் இருப்பவருக்குக் கொஞ்சம் குறையும். டவுனில் வாடகை வீட்டுப் பின்புறம் கட்டி வளர்ப்பவருக்குக் கூடும். ஆக, மாதம் 7,500. கார்த்திகை பிறந்துவிட்டால் தீனியின் தரமே மாறும். பேரீச்சம்பழம், நாட்டுக்கோழி முட்டை, ஊறவைத்த கொண்டைக்கடலை, அரைத்த கம்பு என்று ஆளுக்கொரு பக்குவம் வைத்திருப்பார்கள். அதற்கு நாளொன்றுக்கு இன்னும் 100, 150 ரூபாய். விளையாட்டுக் காலம் தை தொடங்கி வைகாசி வரை நீளும் என்பதால் அந்தக் கூடுதல் செலவும் ஆறேழு மாதத்துக்கு உண்டு.

அடுத்தது பயணம். புத்தாண்டை ஒட்டிப் புதுக்கோட்டை மாவட்டம் தச்சங்குறிச்சியில் வாடிவாசல், அதாவது காளையைக் களத்துக்குள் அவிழ்த்துவிடும் வாசல், திறக்கும். பொங்கலுக்கு அவனியாபுரம், மாட்டுப் பொங்கலுக்குப் பாலமேடு, காணும் பொங்கலுக்கு அலங்காநல்லூர். பிறகு திருச்சி, திண்டுக்கல், சிவகங்கை என்று மே மாதம் வரை ஊர் ஊராகப் போய்க்கொண்டே இருக்கும். ஒரு ஊருக்குப் போய்வர மினி லாரி வாடகை, கூட வரும் ஏழெட்டுப் பையன்களுக்குச் சாப்பாடு, டீ, இரவு வரிசையில் நிற்கும்போது ஆகும் சில்லறைச் செலவு எல்லாம் சேர்த்து ஐந்தாயிரம், ஆறாயிரம் கரைந்துவிடும். ஐந்து ஊர் என்றால் 30,000. சலங்கை, கழுத்துப் பட்டை, புதுக் கயிறு, மருந்து மாத்திரை தனி. எல்லாவற்றையும் கூட்டினால் வருடத்துக்கு ஒன்றரை லட்சம் வரும். 35,000, 40,000 சம்பளம் வாங்கும் ஒருவரிடம் இது மூன்றில் ஒரு பங்குதான். உங்கள் மகள் சரியாகவே சொல்லியிருக்கிறார்.

மாடு வாங்கிய விலையை இதில் நான் சேர்க்கவில்லை. கன்றாக வாங்கினால் சில பத்தாயிரங்களில் முடியும். ஆனால் அது நாலு வயதில் எப்படி நிற்கும் என்பது யாருக்கும் தெரியாது. நாலைந்து வாடியில் பிடிபடாமல் பேர் எடுத்த மாடு என்றால் லட்சக் கணக்கில் பேசுவார்கள். பேசுவார்களே தவிர, கொடுக்க மாட்டார்கள். "இத்தனை லட்சத்துக்குக் கேட்டார்கள், கொடுக்கவில்லை" என்று சொல்லிக்கொள்வதில் இருக்கும் சந்தோஷம் அந்த லட்சங்களைக் கையில் வாங்கினால் கிடைக்காது.

வரவு என்ன? மாட்டைப் பிடித்துவிட்டால் பரிசு வீரருக்கு. பிடிபடாமல் போனால் பரிசு மாட்டுக்காரருக்கு. அண்டா, குத்துவிளக்கு, கட்டில், பீரோ, சைக்கிள், ரொக்கம், சில ஊர்களில் தங்கக்காசு, வெள்ளிக்காசு. 2025 பொங்கலில் சிறந்த மாடுபிடி வீரருக்குக் கார், சிறந்த காளைக்கு டிராக்டர் என்றார்கள். அந்த டிராக்டர் ஆயிரம் மாட்டில் ஒரு மாட்டுக்கு. மற்றவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோவது அண்டா. மேலூர்ப் பக்கம் சில வீட்டுப் பரண்களைப் பார்த்தால் பாத்திரக்கடை வைத்துவிடலாம் போலிருக்கும்; அவற்றில் பாதியில் புளி கூடக் கரைத்திருக்க மாட்டார்கள். பரிசுக்காக வளர்க்கிறோம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அவருக்கே அந்தக் கணக்கு தெரியும்.

பரிசு காரணம் இல்லை என்பதற்கு என்னிடம் வலுவான சான்று ஒன்று இருக்கிறது. 2014 மே 7-ல் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டைத் தடைசெய்தது. 2015 பொங்கலுக்கு வாடிவாசல் திறக்கவில்லை. 2016 ஜனவரி முதல் வாரத்தில் மத்திய அரசு அனுமதி கொடுத்து அறிவிக்கை வெளியிட்டது; மாட்டுக்காரர்கள் முட்டையும் பேரீச்சையும் வாங்கிக் குவித்தார்கள். ஜனவரி 12-ல் அதற்கும் நீதிமன்றம் தடை போட்டது. பொங்கலுக்கு மூன்று நாள்தான் பாக்கி. 2017 ஜனவரியில் மெரினாவிலும் மற்ற ஊர்களிலும் கூட்டம் கூடி, 21-ம் தேதி அவசரச் சட்டம் வந்த பிறகுதான் வழி பிறந்தது. கடைசியில் 2023 மே 18-ல் ஐந்து நீதிபதிகள் அமர்வு தமிழக அரசின் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. நான் சொல்லவந்தது இடைப்பட்ட காலத்தை. ஓடுவதற்கு வாடி இல்லை, பரிசு இல்லை, மறுபடி நடக்குமா என்ற உறுதியும் இல்லை. விற்றவர்கள் இருந்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் கட்டுத்தறியில் மாட்டைக் கட்டி, ஒரு நாள் தீனியும் குறைக்காமல் காத்திருந்தவர்களும் ஏராளம். வரவு பார்க்கிற ஆள் அதைச் செய்ய மாட்டான்.

அப்படியானால் அந்தப் பணம் எதை வாங்குகிறது? மூன்று விஷயங்களை வாங்குகிறது என்பது என் எண்ணம்.

ஒன்று, தினசரி வேலை. வெளியூர்க்காரர்களுக்கு வாடிவாசல்தான் கண்ணில் படும். காளை வளர்ப்பு என்பது உண்மையில் விடிகாலையிலும் அந்தியிலும் நடப்பது. முந்தின இரவே பருத்திக்கொட்டையை ஊறப்போட வேண்டும். காலையில் கிரைண்டரிலோ உரலிலோ ஆட்டி, பாலைப் பிழிந்து தவிட்டில் விட்டுப் பிசைய வேண்டும். கை முழங்கைவரை உள்ளே போகும். கட்டி இருந்தால் சில காளைகள் மூக்கால் தள்ளிவிட்டு அடுத்த வாய் வைக்காது, அவ்வளவு செல்லம். பிறகு சாணி அள்ளி, தரையைக் கழுவி, உடம்பைத் தேய்த்துவிட வேண்டும். நடைக்குக் கூட்டிப்போக வேண்டும். கண்மாயில் தண்ணீர் கிடந்தால் நீச்சல். ஓரமாக ஈரமண்ணைக் குவித்து வைத்துக் குத்தப் பழக்குவார்கள். காளை முன்னங்காலை மடக்கி, கொம்பை மண்ணுக்குள் விட்டு, கழுத்தைத் திருப்பி அள்ளி எறியும். அந்தக் கழுத்துத் திருப்பத்தைப் பார்த்தே இது நின்று விளையாடும் மாடா, வாடியை விட்டு நேராக ஓடிவிடும் மாடா என்று பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள். இத்தனை வேலையும் இருக்கிற வீட்டில் ஒரு வாலிபனுக்கு டீக்கடையில் உட்காரவும் கைப்பேசியைத் தடவவும் நேரம் இருக்காது. மாப்பிள்ளைக்குக் குடியும் சீட்டும் இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதற்கும் காளைக்கும் தொடர்பு இருக்கலாம், யோசித்துப் பாருங்கள்.

இரண்டு, பேர். இதைச் சொன்னால் உடனே பகட்டு என்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள். வாடிவாசலுக்குப் பின்னால் மாடுகள் வரிசையில் நெருக்கி நிற்கும். ஒவ்வொன்றாக உள்ளே ஏற்றி, மூக்கணாங்கயிற்றை அறுப்பார்கள். அந்த நேரத்தில் ஒலிபெருக்கியில் மாட்டுக்காரரின் பேரும் ஊரும் வரும். "இன்ன ஊர் இன்னாருடைய காளை, முடிந்தால் தொட்டுப் பார்!" அவ்வளவுதான். திமிலைப் பிடித்து மூன்று துள்ளல் தாங்குகிறார்களா, இல்லை குறிப்பிட்ட தூரம் வரை தொங்குகிறார்களா என்பதெல்லாம் கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். "மாடு வெற்றி, மாட்டுக்காரர் பரிசு வாங்கிக்கொள்ளலாம்" என்ற ஒரு வரிக்காக வருடம் முழுவதும் தவிடு பிசைந்திருப்பார்கள். அந்த வரிசையில் யார் யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள். கொத்தனார் வீட்டு மாடு, ஆட்டோ ஓட்டுநர் வீட்டு மாடு, கல்லூரிப் பெண் வளர்க்கும் மாடு, திருநங்கையர் வளர்க்கும் மாடு, அமைச்சர் வீட்டு மாடு. அமைச்சராக இருந்த விஜயபாஸ்கரின் 'கொம்பன்' என்ற காளை 2018 பிப்ரவரியில் தென்னலூர் வாடிவாசலில் கட்டையில் மோதிச் செத்துப்போனது பலருக்கு நினைவிருக்கும். அமைச்சர் வீட்டு மாடு என்று கட்டை விலகிக்கொள்ளவில்லை. பிடிக்க வருகிறவனும் ஆள் பார்த்துப் பிடிப்பதில்லை. கிராமத்தில் கூலி வேலை செய்கிற ஒருவரின் பேர் ஆயிரக்கணக்கானோர் நடுவில் மரியாதையோடு ஒலிக்கிற இடம் வேறு எது என்று எனக்குச் சொல்லுங்கள். கல்யாண மண்டபத்தில் மொய் எழுதும்போது ஒலிக்கும். அங்கேயும் தொகையைச் சேர்த்துத்தான் சொல்வார்கள்.

இதில் அழுக்கு இல்லாமல் இல்லை. பேர் சொல்லும்போது சாதியையும் சேர்த்துச் சொல்லி, அதனால் சண்டை மூண்டு, சாதிப் பேர் சொல்லி அவிழ்க்கக் கூடாது என்ற கட்டுப்பாடு வருகிற அளவுக்குப் போயிருக்கிறது. முதல் மரியாதை யாருக்கு என்ற தகராறில் விழா நின்ற ஊர்களும் உண்டு. காளைக்கு முன்னால் எல்லோரும் சமம் என்று மேடையில் பேசுகிறவர்கள் விழாக் கமிட்டியில் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றும் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, அந்த மாடே. இதை மாடு வளர்க்காதவர்களுக்கு விளக்குவது கடினம், இருந்தாலும் ஒன்று சொல்கிறேன். வாடியை விட்டு வெளியேறிய காளையைப் பிடித்துக் கட்ட, களத்தின் கடைசியில் கயிறோடு ஆட்கள் நிற்பார்கள். அதுவரை குறுக்கே வந்தவனையெல்லாம் தூக்கி எறிந்த மாடு, ரத்தம் கண்ணில் ஏற, வாயில் நுரை தள்ளி வரும். கூட்டத்தில் வளர்த்தவனின் குரல் கேட்டதும் வேகம் குறையும். அவன் நெற்றியில் கை வைத்தால் தலையைத் தாழ்த்திக் கொடுக்கும். வீட்டில் பள்ளிக்கூடம் போகிற குழந்தை வைக்கோல் போட்டால் வாங்கித் தின்கிற மாடு அது. ஊருக்கே முரடு, வீட்டுக்கு மட்டும் சாது என்ற அந்தப் பிரிவினைதான் மாட்டுக்காரர்களை மயக்கி வைத்திருக்கிறது. சில சமயம் குரல் எட்டாமல் மாடு காட்டுக்குள்ளும் நெடுஞ்சாலையிலும் ஓடிவிடும். கிணற்றில் விழுந்தவை உண்டு, இரண்டு நாள் கழித்துத் தானே வீடு திரும்பியவையும் உண்டு. மாட்டைத் தேடிப் போன வீட்டில் அடுப்பு எரியாது.

"நாட்டு மாட்டினத்தைக் காப்பாற்றுகிறோம், அதனால் இது செலவே இல்லை, சேவை" என்று மாப்பிள்ளை சொல்லியிருந்தால், அதில் பாதியை மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். உண்மையான பாதி இது: டிராக்டர் வந்த பிறகு உழவு மாட்டுக்கு வேலை போய்விட்டது. நாட்டுப் பசு ஈன்றது காளைக்கன்றாக இருந்தால் வைத்து வளர்க்க விவசாயிக்கு எந்தக் காரணமும் இல்லை. அது சந்தைக்குப் போகும், அங்கிருந்து அடிமாடாகப் போகும். ஜல்லிக்கட்டு இருப்பதால்தான் புலிக்குளம் என்ற எங்கள் பக்கத்து நாட்டு இனக் காளைக்கன்றுக்கு ஒரு விலை இருக்கிறது. வாடிவாசலுக்கு நாட்டு மாடுகளுக்கு மட்டுமே அனுமதி என்ற விதியும் அதற்குத் துணை. மற்ற பாதியைச் சொல்ல மாட்டுக்காரர்கள் விரும்புவதில்லை. இனம் நிலைப்பது பசுக்களால். அந்தப் பசுக்களை மந்தையாக ஓட்டி, வயல்களில் கிடை போட்டு வாழ்கிற கீதாரிகளுக்கு மேய்ச்சல் நிலம் வருடத்துக்கு வருடம் சுருங்குகிறது. ஒரு காளைக்கு ஒன்றரை லட்சம் செலவழிக்கிற பலர் வீட்டில் ஒரு புலிக்குளம் பசு கிடையாது. போதாக்குறைக்கு, இணை சேர்த்தால் வலு இறங்கிவிடும் என்று நம்பி நல்ல காளையைப் பசுப்பக்கம் விடாமலே வைத்திருக்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆகவே சேவை என்ற பேச்சு வேண்டாம். ஆசைக்கு வளர்க்கிறேன் என்று சொல்வதில் என்ன குறைச்சல்?

மிருகவதை என்ற குற்றச்சாட்டையும் தாண்டிப் போக முடியாது. 2014 தீர்ப்பில் வாலை முறுக்குவது, கடிப்பது, கண்ணிலும் மூக்கிலும் எரிச்சலூட்டும் பொருளைத் தேய்ப்பது என்று பட்டியலே இருந்தது. அவையெல்லாம் கற்பனை என்று என்னால் சொல்ல முடியாது. இன்று விதிகள் கடுமை. காளைக்குக் கால்நடை மருத்துவரின் தகுதிச் சான்று வேண்டும். விழா அன்றும் உள்ளே விடுமுன் வயது, காயம், கொம்பின் கூர்மை, போதைப் பொருள் கொடுத்த அறிகுறி எல்லாம் பார்த்துத்தான் அனுப்புவார்கள். வாலையோ கொம்பையோ பிடிக்கிற வீரரை வெளியேற்றுவார்கள். இவ்வளவுக்குப் பிறகும் ஒவ்வொரு பொங்கலுக்கும் மனித உயிர்கள் போகின்றன. அவர்களில் பெரும்பாலோர் களத்தில் நிற்கிற வீரர்கள் என்று நினைக்காதீர்கள். வேடிக்கை பார்க்க வந்தவர்களும், கயிறோடு மாட்டைப் பிடிக்க ஓடுகிற வீட்டுப் பையன்களும் அதில் உண்டு. மாப்பிள்ளையிடம் பணத்தைப் பற்றிக் கேட்குமுன் இதைக் கேளுங்கள்: கடைசியில் கயிறு பிடித்து நிற்பது யார்?

இனி, பகட்டா இல்லையா என்ற கேள்வி. ஒருவர் எதற்குச் செலவழிக்கிறார் என்பதில் வெளியில் நிற்பவர்கள் நியாயம் சொல்லும்போது, செலவு கண்ணில் படுகிறதா இல்லையா என்பதே பாதித் தீர்ப்பை எழுதிவிடுகிறது. அதே வயதுப் பையன் இரண்டரை லட்சத்துக்குத் தவணையில் மோட்டார் சைக்கிள் வாங்கி, மாதம் எட்டாயிரம் கட்டினால் யாரும் சம்பந்தியிடம் முறையிட மாட்டார்கள். வங்கி அதைச் சத்தமில்லாமல் பிடித்துக்கொள்ளும். பறவைப் படம் எடுக்கிற என் நண்பர் ஒருவர் வாங்கிய ஒரே ஒரு லென்ஸின் விலைக்கு இரண்டு காளையை மூன்று வருடம் வளர்க்கலாம். அவர் வீட்டில் அதை நல்ல பழக்கம் என்கிறார்கள். காளை வாசலில் நிற்கிறது, தின்கிறது, சாணி போடுகிறது, தினமும் 250 ரூபாய் வாய்க்குள் போவது தெரிகிறது. அதனால் கண்ணை உறுத்துகிறது. ரேக்ளா வண்டி மாடு வைத்திருக்கும் கொங்கு நாட்டு வீடுகளிலும் எருது விடும் வேலூர், கிருஷ்ணகிரி வீடுகளிலும் இதே புலம்பலைக் கேட்கலாம்.

ஆனால் மோட்டார் சைக்கிளை விட ஒரு விஷயத்தில் காளை மோசம். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு ஒரு வாரம் ஊருக்குப் போகலாம். காளையைப் போட்டுவிட்டு எங்கும் போக முடியாது. மாப்பிள்ளை வேலைக்குப் போன பிறகு தீனி வைப்பது யார், தண்ணீர் காட்டுவது யார், சாணி அள்ளுவது யார்? பத்தில் எட்டு வீட்டில் பெண்கள்தான். ஒலிபெருக்கியில் வருவது ஆண் பேர். காளை குரல் கேட்டு நிற்பது பெரும்பாலும் அம்மாவுக்கும் மனைவிக்கும். உங்கள் மகள் பணத்தைச் சொல்லி வருத்தப்படுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். என் அனுபவத்தில், பணம் என்று வெளியே சொல்லப்படுவதற்குப் பின்னால் பாதி நேரம் இந்த வேலைப் பளுதான் இருக்கும். தீபாவளிக்குப் பிறந்த வீட்டுக்கு வந்தால்கூட இரவு தங்க முடியாமல் திரும்புகிறாரா என்று கவனியுங்கள்.

கணக்கும் கேளுங்கள், ஆனால் சரியான கேள்வியாகக் கேளுங்கள். மாதம் எவ்வளவு என்று கேட்பதைவிட, எங்கிருந்து வருகிறது என்று கேட்பது முக்கியம். சம்பளத்திலிருந்து, வீட்டுச் செலவும் சேமிப்பும் போக மிச்சத்தில் என்றால், அது அவருடைய ஆசை. சம்பந்தி வீடு தலையிட ஒன்றுமில்லை. நகை அடகில் இருக்கிறதா? தைக்கு முன்னால் கைமாற்று வாங்கி, சித்திரை வரை வட்டி கட்டுகிறாரா? தண்டல்காரர் வீட்டுக்கு வருகிறாரா? இதில் ஒன்றுக்கு ஆம் என்று பதில் வந்தாலும் உட்கார்ந்து பேச வேண்டியதுதான். மாடு நல்ல மாடாகவே இருக்கலாம். அடகுக் கடைக்கு அது தெரியாது. நான் பார்த்த வரை சிக்கிக்கொள்கிறவர்கள் பெரும்பாலும் தீனிச் செலவில் சிக்குவதில்லை. பேர் எடுத்த மாட்டைப் பெரிய விலைக்குக் கடனில் வாங்கியவர்களும், ஒவ்வொரு ஊருக்கும் இரண்டு வண்டி ஆட்களைக் கூட்டிப்போய்ச் சாப்பாடு போட்டு, டீ ஷர்ட் அடித்துக் கொடுத்து, வரவேற்பு பேனர் கட்டுகிறவர்களும்தான் மூழ்குகிறார்கள். பகட்டு என்று நீங்கள் சொல்வது அங்கே பொருந்தும். மாட்டுக்கு பேனர் தேவையில்லை.

இன்னொன்றும் அவரிடம் கேட்கலாம்: மாடு கிழமானால் என்ன செய்வார்? காளைக்கு ஓடுகிற வயது சில வருடங்கள்தான். அதற்குப் பிறகும் நெடுங்காலம் உயிரோடு இருக்கும். சாகும்வரை வைத்திருந்து, மாலை போட்டு, கொட்டு அடித்து, சொந்த நிலத்தில் புதைத்து, அந்த இடத்துக்குப் பொங்கல் வைக்கிற வீடுகள் எங்கள் பக்கம் நிறைய. கோயில் காளை என்றால் ஊரே துக்கம் அனுசரிக்கும். பின்னிரவில் சத்தமில்லாமல் வண்டியேற்றி அனுப்பிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். முதல் வகை ஆள் என்றால், ஓடாத மாட்டுக்கும் மாதம் ஐயாயிரம் போகும் என்பதை இப்போதே கணக்கில் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஓடுகிற காலத்திலும் ஒவ்வொரு வருடமும் வாடி கிடைக்கும் என்று உறுதியில்லை. 2025-ல் மதுரை மாவட்டத்தின் மூன்று பெரிய ஊர்களுக்கும் பன்னிரண்டாயிரத்துக்கு மேற்பட்ட காளைகள் இணையத்தில் பதிவாகின. ஓர் ஊரில் ஒரு நாளில் அவிழ்ப்பது ஆயிரம் மாடு, சில சமயம் அதற்கும் குறைவு. களத்தில் அவிழ்ப்பதற்கான டோக்கன் கிடைத்தும் மாலை நேரம் முடிந்து, வரிசையில் நின்ற மாடு களத்தைப் பார்க்காமலே வீடு திரும்புவது சாதாரணம். அந்த ஆத்திரத்தில்தான் சிலர் இரண்டாவது மாடு வாங்குவார்கள். இரண்டு இருந்தால் ஒன்றுக்காவது டோக்கன் விழும் என்று ஒரு கணக்கு. வேலைக்குப் போகிற ஒரு மனிதராலும் வீட்டிலிருக்கும் ஒரு பெண்ணாலும் ஒரு காளையைத்தான் சரியாகப் பார்க்க முடியும். இப்போது நிற்கிற காளையைப் பற்றி மாப்பிள்ளையிடம் சண்டை பிடிக்காதீர்கள். இரண்டாவது மாட்டுப் பேச்சை எடுத்தால் மட்டும், அடுத்த பஸ் பிடித்துப் போய்ச் சேருங்கள்.